மீதி ஆறு எங்கே?

நம் வீடுகளில் ஒரு பிள்ளை கணக்கில் 94 மார்க் வாங்கிக்கொண்டு வந்தால் முதலில் விழுகிற கேள்வி, "மீதி ஆறு எங்கே?" என்பதுதான். அந்த ஆறுக்காக டியூஷன் வைப்போம், கேபிளைப் பிடுங்குவோம், எதிர்வீட்டுப் பெண்ணின் மார்க் ஷீட்டைக் கேட்டு வாங்கி வந்து காட்டுவோம். இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்து, அந்த ஆறு மார்க்குக்காக என் அக்காவிடம் கரண்டிக் காம்பால் அடி வாங்கி வளர்ந்தவன்தான் அவள் மகன். இப்போது ஹூஸ்டனில் பெரிய வேலையில் இருக்கிறான். 2024 ஏப்ரல் 8-ஆம் தேதி முழு சூரிய கிரகணம், அதைப் பார்க்க சென்னையிலிருந்து வருகிறேன் என்று அவனுக்குப் போன் போட்டேன். அவன் சொன்ன பதில்: "வாங்க சித்தி, தாராளமா வாங்க. ஆனா வெளியூர் எல்லாம் எதுக்கு? நம்ம வீட்டுப் பின்பக்கத் தோட்டத்துல நின்னாலே 94 சதவீதம் தெரியுது."

கிரகணத்துக்கு மட்டும் 94 போதுமாம்.

அவன் ஒருவனைச் சொல்லிப் பயனில்லை. இந்தப் பயணம் போகிறேன் என்று வாயைத் திறந்த நாளிலிருந்து எனக்குக் கிடைத்த அறிவுரைகளைத் தொகுத்தால் ஒரு புத்தகம் போடலாம். "நாசாவே லைவா காட்டுறான், சோபாவுல உட்கார்ந்து பாரு" என்றார்கள். "நாலு நிமிஷத்துக்கு இத்தனை லட்சமா?" என்றார்கள். இதே ஆட்கள் இரண்டு நிமிஷ தரிசனத்துக்கு ராத்திரியெல்லாம் வரிசையில் நிற்பவர்கள். அதை நான் கேட்டதுண்டா? அக்கா வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், "இருட்டைப் பார்க்க எதுக்கும்மா அமெரிக்கா? மெயினை ஆஃப் பண்ணிட்டு உட்கார்ந்தா போச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இருட்டுக்காக யாரும் கடல் தாண்டுவதில்லை. இதை எத்தனை தடவை சொல்வது? சூரியனைச் சுற்றி கரோனா என்று ஓர் ஒளிப்படலம் இருக்கிறது. மொத்தமாகச் சேர்த்தாலும் அதன் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு பௌர்ணமி நிலா அளவுதான். சூரியனோ பௌர்ணமி நிலாவைவிடச் சுமார் நாலு லட்சம் மடங்கு பிரகாசம். நூற்றில் ஆறு பங்கு மறையாமல் நின்றால், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பௌர்ணமி நிலாக்களின் வெளிச்சம் மிச்சம் இருக்கிறது என்று கணக்கு. ஒரே ஒரு பங்கு மிஞ்சினாலும் நாலாயிரம். அந்த வெளிச்சத்தில் கரோனா எப்படித் தெரியும்? 94 சதவீதம் மறைந்த ஊரில் நடப்பது இவ்வளவுதான்: வெயில் மங்கும், பாதிப் பேர் மழை வருகிறதோ என்று கொடியில் கிடக்கும் துணியை எடுப்பார்கள், அரை மணியில் திரும்பக் காயப்போடுவார்கள். 99-க்கும் 100-க்கும் நடுவில் இருப்பது ஒரு சதவீதம் என்று நினைத்தால் அது கணக்கு வாத்தியாருக்குச் சரி. வானத்தில் அந்த ஒன்றில்தான் எல்லாமே இருக்கிறது.

அடுத்த கூட்டம், "நாங்கதான் பார்த்துட்டோமே" கூட்டம். 2019 டிசம்பர் 26 காலையில் கோவை, திண்டுக்கல் பக்கமெல்லாம் தெரிந்தது வளைய கிரகணம், கங்கணம் என்போமே, அது. சந்திரன் அன்று கொஞ்சம் தள்ளி இருந்ததால் சூரியனை முழுக்க மூட முடியாமல் சுற்றிலும் ஒரு வளையம் மிஞ்சியது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. 2010 பொங்கலுக்கு மறுநாள் தனுஷ்கோடியில் தெரிந்ததும் அதே வகைதான். வளையம் இருக்கும்வரை கண்ணாடியைக் கழற்றக் கூடாது, கரோனாவும் தெரியாது. இதை விளக்கி முடித்ததும் என் ஒன்றுவிட்ட அண்ணி கேட்ட கேள்வி: "அதெல்லாம் சரி, அங்கேயும் உலக்கை நிக்குமா?" தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி எடுத்த படத்தை அண்ணி இன்னும் போனில் வைத்திருக்கிறார். அடி தட்டையாக இருந்தால் எந்த நாளும் நிற்கும் என்று ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் நிறுத்தியும் காட்டினேன். "நீ படிச்சவ, உனக்கு நிக்குது" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் அம்மா வேறு. ஊறுகாய் ஜாடியில் தர்ப்பை போட்டு, கிணற்று மூடியை மூடி, வயிற்றுப் பிள்ளைக்காரியை அறைக்குள் வைத்துக் காத்த தலைமுறை. "எல்லாரும் கிரகணத்துக்குப் பயந்து உள்ளே போவாங்க. நீ ஏரோப்ளேன் ஏறி அதோட வாயிலேயே போய் விழறேங்கற" என்றார். அம்மாவோடு சண்டை போட மனசு வரவில்லை. எண்பது தாண்டியவர் சொன்னாலாவது பொறுத்துக்கொள்ளலாம். எம்.டெக். படித்தவன் பின்பக்கத் தோட்டத்தில் 94 என்கிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஒரு காலத்தில் இது தலைகீழாக இருந்தது. 1868-ல் பிரான்சிலிருந்து ஜான்சன் என்ற வானியலாளர் கப்பலேறி குண்டூருக்கு வந்தார், முழு கிரகணம் பார்க்க. ஹீலியம் என்ற தனிமத்தின் கதை அந்தக் கிரகணத்தில்தான் தொடங்குகிறது. சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் அதே கிரகணத்தை வனபர்த்திக்குப் போய்ப் பார்த்துப் பதிவு செய்தார். இரண்டு வருஷம் கழித்து அல்ஜீரியாவில் அடுத்தது. அப்போது பாரிஸை ஜெர்மன் படை முற்றுகை இட்டிருந்தது. ஜான்சன் என்ன செய்தார்? பலூனில் ஏறி முற்றுகையைத் தாண்டிப் பறந்து, ஓரான் நகரம் போய்ச் சேர்ந்தார். அங்கே மேகம். ஒன்றும் தெரியவில்லை. மனுஷன் விட்டாரா? 1871 டிசம்பர் 12 கிரகணத்துக்கு மறுபடியும் இந்தியா. இந்தத் தடவை நம் நீலகிரி, ஊட்டிக்குப் பக்கத்தில் சோலூர். அன்று வானம் துடைத்து வைத்தது போல் இருந்தது. புதுக்கோட்டையிலும் யாழ்ப்பாணத்திலும்கூட ஆங்கிலேயர்கள் கருவிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜான்சனிடம் யாராவது "பாரிஸிலேயே கொஞ்சம் தெரியுமாமே" என்று சொல்லியிருப்பார்களா? சொல்லியிருந்தாலும் பலூனிலிருந்து அவருக்குக் கேட்டிருக்காது. கொடுத்து வைத்தவர்.

1980 பிப்ரவரி 16 கிரகணத்தின் கதை இன்னும் மோசம். நிழல் ஹூப்ளி, ராய்ச்சூர் வழியாக, ஹைதராபாத்தை ஒட்டிப் போனது. சென்னையிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம். நான் அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். எங்கள் தெருவில் ஜன்னல் இடுக்குகளில் பழைய துணியைத் திணித்து அடைத்தார்கள். நாடெங்கும் தெருக்கள் வெறிச்சோடின; மக்கள் வெளியே வராமலிருக்கத் தொலைக்காட்சியில் மத்தியானமே சினிமா போட்டார்கள். ரயில் டிக்கெட் செலவில் முடிந்திருக்க வேண்டியதை நாமே கதவடைத்துத் துரத்திவிட்டோம். இன்று விமான டிக்கெட், விசா, காப்பீடு, டாலர் என்று அதன் பின்னால் ஓடுகிறேன்.

ஓடுவதாவது நிம்மதியாக ஓட முடிகிறதா? ஒரு வருஷத்துக்கு முன்பே, முழு கிரகண நிழல் போகிற பாதையின் நடுவில் ஒரு மோட்டலில் அறை போட்டு வைத்தேன். கிரகணத்துக்குச் சில மாதங்கள் இருக்கையில் மின்னஞ்சல் வந்தது: கணினிக் கோளாறு காரணமாகத் தங்கள் முன்பதிவு ரத்து செய்யப்படுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம். அன்றைக்கே அதே மோட்டலைத் தேடிப் பார்த்தேன். அதே அறை, அதே படத்தில் அதே பூப்போட்ட போர்வை, வாடகை மட்டும் ஐந்து மடங்கு. கோளாறு கணினிக்கு எங்கே வந்தது, கல்லாப்பெட்டிக்கு அல்லவா வந்திருக்கிறது! போன் செய்தால் மூன்றாவது முறையாக ஒரு பெண் மிக இனிமையாக, "உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது" என்றாள். புரிந்து என்ன செய்ய?

ஆகவே, ஹூஸ்டனில் அக்கா மகன் வீட்டில் தங்கி, கிரகணத்தன்று விடியுமுன் காரில் கிளம்புவது என்று ஏற்பாடு. திங்கட்கிழமை. அவன் லீவு போட வேண்டியிருந்தது. அதை நாளைக்கு நாலு தடவை நினைவுபடுத்தினான். இதற்குள் டெக்சாஸில் சில கவுண்டிகள், கூட்டம் தாங்காது என்று முன்கூட்டியே பேரிடர் அறிவிப்பே கொடுத்துவிட்டன. பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், மளிகை வாங்கி வையுங்கள் என்று உள்ளூர்க்காரர்களுக்கு அறிவுரை. அதைப் படித்ததும் அவனுக்குப் புதுத் தெம்பு. வரைபடத்தைத் திறந்து சமரசத்துக்கு வந்தான். "சித்தி, பாதை நடுவுல இருக்கற கெர்வில் வரைக்கும் போகணும்னா நாலு மணி நேரம். சான் அன்டோனியோ மூணே மணி நேரம். டவுன்டவுன்ல ஆத்தங்கரையில நல்ல சாப்பாடு கிடைக்கும். அங்கே 99.9 சதவீதம். ரவுண்டு பண்ணா நூறு."

பாதையின் விளிம்பு அந்த நகரத்தின் நடுவிலேயே போகிறது. வடமேற்குப் பக்கத்து வீடுகளுக்கு முழு கிரகணம், தெற்குப் பக்கத்து வீடுகளுக்கு இல்லை. ஒரே ஊரில், ஒரே நேரத்தில், ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காத காட்சி. இதை நான் எடுத்துச் சொன்னபோது அவன் முகத்தில் தெரிந்தது ஆச்சரியம் அல்ல, பொறுமை. வயசானவர்களிடம் காட்டுகிற பொறுமை. "டேய், உங்க அம்மாகிட்ட 99.9-ஐ ரவுண்டு பண்ணி நூறுன்னு சொல்லிப் பாரு" என்றேன். கெர்வில் என்று முடிவானது.

மேகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். கிரகணப் பாதைகளுக்குப் பழைய வானிலைப் பதிவுகளை வைத்து மேகக் கணக்குப் போட்டுத் தருகிற ஜே ஆண்டர்சன் என்ற கனடாக்காரர் இருக்கிறார். எங்களைப் போன்றவர்களுக்கு அவர் பஞ்சாங்கம். மெக்சிகோ, டெக்சாஸ் பக்கம் ஏப்ரலில் வாய்ப்பு அதிகம், வடகிழக்கே போகப் போக மோசம் என்பதுதான் கணக்கு. கணக்கில் தப்பே இல்லை. ஆனால் வானம் சராசரியைப் படித்துவிட்டா வருகிறது? அன்றைக்கென்று பார்த்து டெக்சாஸ் மலைப்பகுதி முழுக்க மேகம். பனியும் குளிரும் என்று யாரும் சீந்தாத வெர்மான்ட்டில் பளிச்சென்ற வானம். 2009 ஜூலை 22-லும் இதே கூத்து. பீகாரில் தரேக்னா என்ற சிற்றூர்தான் பார்க்கச் சிறந்த இடம் என்று ஊர் உலகமெல்லாம் அங்கே குவிந்தது. முதல்வர் உட்பட எல்லாரும் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதே காலையில் காசியில், கங்கையில் முங்கி எழ வந்தவர்கள் எல்லாம் கிரகணத்தைப் பார்த்துவிட்டார்கள். கண்ணாடி இல்லை, வரைபடம் இல்லை, ஆண்டர்சன் இல்லை. குளிக்க வந்தவர்கள்!

சரி, கெர்வில். குவாடலூப் ஆற்றங்கரையில் புல்வெளி. வழியெல்லாம் சாலையோரம் நீலப் பூக்கள், புளூபானெட் என்கிறார்கள், அத்தனை நீலம். வந்த கூட்டத்தில் பாதி கையில் பியர், மீதி கையில் முக்காலி. நிழல் எங்களைத் தொடுவது 1 மணி 32 நிமிஷத்துக்கு, நாலு நிமிஷத்துக்கும் மேல் நிற்கும். பல்லாண்டுகளுக்கு முன்பே நொடி சுத்தமாகப் போட்டு வைத்த கணக்கு. சூரியனும் சந்திரனும் ஒரு நொடி தாமதமில்லாமல் வந்து சேர்ந்தார்கள். ஏற்பாட்டில் ஓட்டை எல்லாம் அவர்களுக்கும் எனக்கும் நடுவில்தான்.

மேகத்துக்கு மேலே என்ன நடக்கிறதோ தெரியாது, கீழே தென்மேற்கிலிருந்து ஓர் இருட்டு கிளம்பி வந்தது. மழை இருட்டு மெதுவாகக் கவியும். இது அப்படி இல்லை, ஓடி வந்தது. மரத்தில் கத்திக்கொண்டிருந்த கருங்குருவிகள் சட்டென்று அடங்கின. அடிவானம் சுற்றிலும், நாலு திசையிலும், பொழுது சாயும்போது வருகிற செம்மஞ்சள். மயிர்க்கூச்செறிந்து நிற்கிறேன், அந்த நேரம் பார்த்து வாகன நிறுத்தத்தின் தானியங்கி விளக்குகள் அத்தனையும் ராத்திரி ஆகிவிட்டதென்று நினைத்து பளீரென்று எரிந்தன. பின்னால் ஒருவன் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டான். பக்கத்தில் ஒருவர் வானத்தை நோக்கி ஃபிளாஷ் அடித்துப் படம் எடுத்தார். பதினைந்து கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற சூரியனுக்கு போனில் ஃபிளாஷ்!

அப்போது மேகம் விலகியது. கொஞ்ச நேரம்தான், நொடிக் கணக்கு. மேலே ஒரு கருப்பு வட்டம். மையைவிடக் கருப்பு. அதைச் சுற்றி வெள்ளி நார் பிரிந்த மாதிரி கரோனா. வட்டத்தின் அடிவிளிம்பில் இளஞ்சிவப்பாக ஒரு பொட்டு, சூரியனிலிருந்து கிளம்பி நிற்கிற தீப்பிழம்பு, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்ததோ தெரியவில்லை, பக்கத்திலிருந்த அமெரிக்கப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் அக்கா மகன் கிரகணக் கண்ணாடியை இறுக்கிப் போட்டுக்கொண்டு மேலே பார்த்தபடி, "ஒண்ணுமே தெரியலையே சித்தி" என்கிறான்.

"கழற்றுடா!" என்று கத்தினேன். "கண்ணு போயிடும் சித்தி, அட்டையிலேயே போட்டிருக்கு" என்றான். முழுசாக மறைந்திருக்கிற அந்தச் சில நிமிஷங்களில் மட்டும் கழற்ற வேண்டும், மற்ற நேரமெல்லாம் போட வேண்டும் என்று காரில் நாலு மணி நேரம் பாடம் எடுத்திருக்கிறேன். அந்தக் கண்ணாடிக்குள் கரோனா தெரியவே தெரியாது. அவன் கழற்றுவதற்குள் மேகம் மூடிக்கொண்டது. பிறகு அந்தப் பக்கமிருந்து வெளிச்சம் வந்தது, கூட்டம் கைதட்டியது. யாருக்குக் கைதட்டினார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

திரும்பி வரும் வழியில் ஒரே நேரத்தில் எல்லாக் காரும் ஒரே சாலையில். பிரேக் விளக்குகள் அடிவானம் வரை. பெட்ரோல் பங்கில் கழிவறைக்கு நின்ற வரிசை, நம் ஊர் ரேஷன் வரிசையைத் தோற்கடித்தது. அவன் மட்டும் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி, "இருட்டினது சூப்பர் சித்தி, ஒத்துக்கறேன்" என்றான். இருட்டினதாம்! வீட்டுக்கு வந்ததும் சென்னையிலிருந்து குடும்பக் குழுவில் செய்திகள்: "வீடியோ அனுப்பு." நான் எடுக்கவில்லை. அந்த நொடிகளில் போனைத் தேடுகிறவள் நான் இல்லை. "போனதுக்கு ஒரு போட்டோகூட இல்லையா?" என்று அண்ணி கேட்டார். பிறகு அவரே யாரோ எடுத்த அருமையான படம் ஒன்றைப் போட்டார், வெர்மான்ட்டில் எடுத்தது. கீழே அக்கா வீட்டுக்காரர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்.

இப்போது அடுத்தது. 2027 ஆகஸ்ட் 2, எகிப்து, லக்சர். ஆறு நிமிஷத்துக்கும் மேல். ஆகஸ்டில் அங்கே மேகம் என்பது ஏறக்குறைய கிடையாது, வெயில் மட்டும் நாற்பது டிகிரியைத் தாண்டும். 2034 மார்ச் 20-ல் இந்தியாவின் வடகோடியிலேயே ஒன்று வருகிறது, மார்ச் பனியில் அந்த மலையில் ஏற என் முழங்கால் அப்போது என்ன சொல்லுமோ. ஆகவே லக்சர்தான். தனியாக அறை போட்டு ரத்து கடிதம் வாங்க இனித் தெம்பில்லை என்று, தி. நகரில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் போனேன். கிரகண ஸ்பெஷல் என்று வாசலிலேயே பேனர். கரோனா படம்கூடப் போட்டிருந்தார்கள். சந்தோஷமாக உள்ளே போய் பயணத் திட்டத்தை வாங்கிப் படித்தேன். பிரமிடு, நைல் படகு, அத்தர் கடை, பாப்பிரஸ் கடை, ஒட்டகச் சவாரி. ஆகஸ்ட் 2-ஆம் தேதிக்கு வந்தேன். காலை கர்னாக் கோயில். பிற்பகல் 1 மணி: குளிரூட்டப்பட்ட உணவகத்தில் மதிய உணவு, தென்னிந்திய சைவம், அப்பளம் உண்டு.

"சார், லக்சர்ல முழு கிரகணமே ஒரு மணி வாக்கிலதான்" என்றேன்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். நெற்றியைத் தடவினார். பிறகு முகம் மலர்ந்தது. "கரெக்டா சொன்னீங்க மேடம். கிரகண நேரத்துல சாப்பிடக் கூடாதுல்ல? பன்னிரண்டுக்கே சாப்பாட்டை முடிச்சிடலாம். வெயில் வேற ஜாஸ்தி. ஒரு மணியிலேருந்து ரெண்டு மணி வரைக்கும் எல்லாரும் ரூம்ல ரெஸ்ட்!"